எட்டாவது குழி

மே 3
சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டேன், ரத்த அழுத்த மாத்திரை என்று நினைத்து. எல்லாவற்றையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தால் வேறென்ன நடக்கும்? பக்கவாதம் காலை மட்டும்தான் இழுத்தது என்று நம்பியிருந்தேன்.

மகள் ஸுவேனா சிரிக்கவில்லை. “உங்கள இப்படி விட்டுட்டு எப்படி பாபா பெம்பா தீவுக்குப் போவேன்? வேலை வேணாம்னு எழுதிப் போட்டுடறேன்.”

ஆறு வருடம் காத்திருந்து அவளுக்குக் கிடைத்த டீச்சர் வேலை. ஒரு பொத்தானுக்காகப் போவதா?

மே 4, சனி
மகாமேயோடு பாவோ ஆடும் குழிப்பலகையை எடுத்தேன். நாலு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி. ஆட்டக் கொட்டைகளைக் கொட்டிவிட்டு, காலை, மதியம், இரவு என்று மூன்று வரிசையில் மாத்திரைகளை நிரப்பினேன். முதல் குழி சனிக்கிழமை.

தினமும் ஆட வரும் மகாமே வாசலிலேயே நின்றுவிட்டான். “தோத்துடுவோம்னு பயந்து பலகையில மருந்துக்கடை போட்டுட்டியாடா?”

மே 8
ஐந்து குழி காலி. நான் யார்!

மே 11, சனி
விழுந்தேன்.

ஆட்டக்காரன் கை எந்தக் குழியையும் சும்மா விடாது, எட்டையும் நிரப்பியிருக்கிறேன். வாரத்துக்கு ஏழு நாள் — ஆறாம் வகுப்பு வரை போனவனுக்கு இது தெரியாதா? விடிந்ததும் எட்டாவது குழியை விழுங்கினேன். டீ குடித்துவிட்டுப் பலகையை மறுபடி நிரப்பி, சனிக்கிழமை ஆயிற்றே என்று முதல் குழியையும் விழுங்கினேன். தலை சுற்றிக் கதவோடு சரிந்தேன். மகாமே தூக்கினான். நர்ஸ் வந்து, இன்றைக்கு இனி ஒன்றும் வேண்டாம் என்றார்.

ஸுவேனா வேலைக் கடிதத்தைக் கிழிக்கப் போனாள்.

“கப்பல் ஜூன் ஒண்ணாந்தேதிதானே? அதுவரைக்கும் பொறும்மா. அதுக்குள்ள ஒரு குழி தப்பினாலும் நீ இங்கயே இரு.”

மே 12
எட்டாவது குழிகளில் மெழுகை உருக்கி ஊற்றி அடைத்தேன். மகாமே வாசல் மண்ணில் குழி பறித்து ஆட்டம் வைத்தான். “பலகை இல்லாட்டியும் நீ தோக்கறவன்தான்.” தோற்றேன்.

மே 23
மதிய மாத்திரை மறந்தே போச்சு. பள்ளிவாசலில் மதியப் பாங்கு கேட்டதும்தான் ஐயோ என்று நினைவு வந்து விழுங்கினேன். அப்பாடா. இனி பாங்குச் சத்தம்தான் என் கடிகாரம்.

ஜூன் 1
நேற்று மாலை ஸுவேனா பலகையின் மேல் குனிந்து, குழிகுழியாய் விரலால் தடவிப் பார்த்தாள்.

“ஒண்ணுகூட தப்பல பாபா. அப்போ போகட்டுமா?”

“போ, போ. கப்பல் உனக்காக நிக்காது.”

இன்று காலை ஏறிவிட்டாள்.

நேற்று பாங்கு கேட்டும் மதிய மாத்திரையை எடுக்கவில்லை. வேண்டுமென்றேதான். குழியில் கிடக்கட்டும், பார்த்தால் நின்றுவிடுவாள் என்று. அவள் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் எடுத்துத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினேன்.

அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.