உரக்கச் சொன்ன பாவம்

அலமாரியில் உங்கள் காது மிஷின் கிடைத்தது, அப்பா. பேட்டரி கசிந்து பச்சையாகியிருக்கிறது. காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஓட்டி ஓட்டி, இன்ஜின் சத்தத்திலேயே செவி போனது உங்களுக்கு. மிஷினையும் மாட்ட மாட்டீர்கள். மாதத்தின் முதல் வெள்ளிதோறும் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம். சாமியாரின் காதருகே முழந்தாளிட்டு, செய்த பாவங்களைப் பின்சீட்டுக்குச் சொல்வதுபோல் சொல்வீர்கள். அது காதில் விழாமலிருக்க, வரிசையில் நிற்பவர்கள் சத்தமாகச் செபமாலை சொல்லத் தொடங்குவார்கள்.

"டிரைவர் முட்டி போட்டுட்டாருபா, சீக்கிரம் ஆரம்பிங்க."

"போன வாட்டி கண்டக்டரத் திட்டினது பட்டுக்கடை வரைக்கும் கேட்டுச்சுக்கா."

எதற்கென்று தெரியாமல் நீங்களும் சிரித்துக்கொண்டே எழுந்து வருவீர்கள்.

கடைசிப் பாவசங்கீர்த்தனம் வீட்டில், படுக்கையில். சாமியாரை உங்களோடு விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். அம்மா மெழுகுவர்த்தி தேடிப் போனாள். செபமாலை சொல்ல அங்கே யாரும் இல்லை. நான் சொல்லியிருக்கலாம்.

"பொண்ணு எங்களுக்குத் தெரியாம ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கினா சாமி. மன்னிச்சிட்டேன்னு அவகிட்ட சொன்னேன். பொய். இன்னும் எரிஞ்சிக்கினுதான் இருக்குது."

எங்கள் கல்யாணத்தைப் பிறகு மாதா கோயிலில் சாமியார் மந்திரித்து ஆசீர்வதித்த அன்று, பெரிய காஞ்சிபுரத்தில் என் மாமனார் வீட்டில், தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்தபடி சொன்னீர்கள். "மன்னிச்சிட்டேன்மா, விடு." அன்று அழுதேன். கதவுக்கு வெளியே அழவில்லை.

சாமியார் உங்கள் காதில் ஏதோ சொல்வது மட்டும் கேட்டது. தலையசைத்தீர்களா, தெரியாது.

அதன் பிறகு நான்கு நாள் இருந்தீர்கள். ஒருமுறை கண் திறந்து, "சாப்டியாமா?" என்றீர்கள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

பாவசங்கீர்த்தனத்தைத் தற்செயலாகக் கேட்டுவிட்டவர்களும் வெளியே சொல்லக் கூடாது என்பது முறை. அம்மாவிடம் சொல்லவில்லை. என் கணவரிடமும். உங்களுக்கு எழுதுவது அதில் சேருமா, தெரியவில்லை.

போன வாரம் நானும் முழந்தாளிட்டேன். புதிய சாமியார். அப்பாவின் பாவசங்கீர்த்தனத்தைக் கதவருகே நின்று கேட்டேன், அது என்னைப் பற்றியது, என்றேன். என்ன கேட்டேன் என்று அவர் விசாரிக்கவில்லை.

"அப்பாவ மன்னிச்சிட்டீங்களாமா?"

சட்டென்று சொல்லிவிடக்கூடிய சொல்தான். வாய்வரை வந்தது.

"தெரியல சாமி."

அபராதமாக அவர் சொல்லச் சொன்னது ஒரேயொரு பரலோக மந்திரம், இயேசு கற்பித்த செபம். ஒரு நிமிடம்கூட ஆகாது. தினமும் தொடங்குகிறேன், அப்பா. 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல' என்று மன்னிப்பு வருகிற வரிவரை சொல்கிறேன். அங்கே நின்றுவிடுகிறது.