அன்னாள் தைத்த சட்டை

கேய்லென், சிலோயே தீவு
ஜூலை 10

அன்பு மகன் லிசாண்ட்ரோவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், வயதுக்குத் தகுந்த முனகலைத் தவிர வேறு குறை இல்லை. நீயும் மருமகள் நியேவெசும் வடக்கே அந்தப் பாலைவனத்தில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உங்கள் வாயால் கேட்டால்தான் எனக்கு மனசு ஆறும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உறையின் பின்பக்கத்திலும் அதைத்தான் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், இல்லையென்றால் நீ பிரிக்கவே மாட்டாய். சபை மூப்பர்கள் என்னை எழுதச் சொன்ன கடிதம் இது இல்லை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வா, போதகர் பெலார்மினோவின் இடத்தில் நில், உன் அம்மா கர்த்தருக்கு நேர்ந்துகொண்ட பொருத்தனையை நிறைவேற்று என்று ஒரு கடிதம் வரப்போகிறது என உன் சித்தி மகன் உனக்குப் போன் பண்ணிச் சொன்னானாமே, அவன் சொன்னது பொய் இல்லை. நான் எழுத உட்கார்ந்ததும் உண்மை. ஆனால் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு மேலே படி.

இங்கே பதினெட்டு நாளாக விடாத மழை. உருளைக்கிழங்கைப் பாதி மூட்டை அழுகவிட்டுவிட்டோம், மீதியை அடுப்பங்கரைக்குத் தூக்கிவந்தாயிற்று, இப்போது சமைக்க நிற்க இடமில்லை. உன் அப்பா படகுக்குத் தார் பூசுகிறேன் என்று கொட்டகையில் போய் உட்கார்ந்து ரேடியோ கேட்கிறார். பன்றி கொழுத்திருக்கிறது. போதகர் பெலார்மினோவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது, மேடையின் மூன்று படி ஏற இரண்டு பேர் பிடிக்கிறார்கள். அதனால்தான் மே மாதம் மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். போதகர் என்னைக் கூப்பிட்டு, "சகோதரி லுதோவினா, நாங்க எதுக்கு வெளியில ஆள் தேடணும்? உங்க பையன் பொறக்கறதுக்கு முன்னாடியே கர்த்தர் ஏற்பாடு பண்ணி வச்சிட்டாரே, ஒரு கடுதாசி போடுங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் வேண்டுமென்றே சகோதரி எடெல்மிராவின் கடை வழியாகச் சுற்றிவந்து அவளிடம் சொன்னேன். அவ்வளவு பெருமை.

பொருத்தனைக் கதை உனக்குத் தெரிந்ததுதான், கேட்டுக் கேட்டு உன் காது புளித்திருக்கும். மூன்று குழந்தைகள் வயிற்றிலேயே போன பிறகு, கூட்டம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை முன்னால் போய் நின்று, வேதத்தில் வருகிற அன்னாளைப் போல எனக்கும் ஒரு ஆண் பிள்ளை தாரும் ஆண்டவரே, அவனை உமக்கே கொடுத்துவிடுகிறேன் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். நீ பிறந்தாய். மூன்று வயதில் உனக்குக் கழுத்தில் டை கட்டி மேடைப் படியில் உட்காரவைத்தேன். ஊரே உன்னைக் குட்டிப் போதகர் என்றது. பன்னிரண்டு வயதில் தெருப் பிரசங்கத்துக்கு நிற்கவைத்த அன்று நீ பேக்கரிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாய், பிசாசு தடுக்கிறான் என்று நான் தலையில் கைவைத்து ஜெபித்தேன். இருபது வயதில் டையை ஆணியில் மாட்டிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டாய். பன்னிரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை வந்தாய், அதுவும் உன் அத்தை அடக்கத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை வருமுன் கிளம்பியும் விட்டாய். உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் எழுதிய கடிதம் ஒரே வரியில்தான் முடிந்தது, பொருத்தனையை மறக்காதே என்று. சாப்பிட்டாயா என்று ஒன்றிலாவது கேட்டேனா என யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை பெண்கள் கூட்டத்தில் வருஷத்துக்கு ஒருமுறை அன்னாளின் பாடத்தை நான்தான் எடுப்பேன். பால் மறந்த பிள்ளை சாமுவேலை அன்னாள் ஆலயத்தில் ஆசாரியர் ஏலியின் கையில் ஒப்படைக்கிற இடத்தோடு முடித்துவிடுவேன். அங்கே எல்லாரும் அழுவார்கள், நானும் அழுவேன், பிறகு உருளைக்கிழங்கு மில்காவோ அடை சுட்டு மாத்தே டீ குடித்துக் கலைந்துபோவோம். இந்த வருஷம் அழுது முடித்தும் வெளியே போக முடியவில்லை, தகரக் கூரை பிய்ந்துவிடும் போல மழை. எடெல்மிரா, "ஏடி லுதோ, இது இப்ப விடுற மழை இல்ல. சும்மா ஒக்காந்து என்ன பண்றது, மேல படி" என்றாள். படித்தேன். அடுத்த அதிகாரத்தில் இருக்கிறது, அன்னாள் வருஷா வருஷம் பிள்ளைக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாளாம். எத்தனையோ தடவை என் கண் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கும். இங்கே இருப்பவர்கள் எல்லாரும் கம்பளி பின்னுகிறவர்கள், அழுகையை விட்டுவிட்டு உடனே அளவுக்குப் போய்விட்டார்கள். "வருஷத்துக்கு ஒருவாட்டி பாக்குற பிள்ளைக்கு அளவு எப்படிடி தெரியும்? கண்ண மூடி, இம்மாம் ஒசரம் இருப்பான்னு கைய வச்சுப் பாத்திருப்பா" என்று எடெல்மிரா காற்றில் கையை உயர்த்திக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒம் பையன் என்ன அளவுடி?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டாள். ஊரில் பாதிப் பேருக்கு என் கையால் சட்டை பின்னியிருக்கிறேன், பெற்ற பிள்ளையின் தோள் அகலம் தெரியவில்லை. உனக்கு ஏன் பின்னவில்லை என்று கேட்பவர்களிடம், பாலைவனத்தில் இருக்கிறவனுக்குக் கம்பளி எதற்கு என்று சொல்லிவந்தேன். அங்கே இரவில் தண்ணீர் உறைகிறது என்று எனக்குத் தெரியும். அப்பா உன்னிடம் பேசிவிட்டு வந்து சொல்வாரே. கோபத்தில்தான் பின்னவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், மூப்பர்களின் கடிதத்தை எழுதப் பேனா ஓடவில்லை என்று. உன் அப்பாவின் வாய் உனக்குத் தெரியாததா. "மர வீட்டையே மாட்டைக் கட்டி இழுத்து எடம் மாத்துற ஊரு நம்மூரு. ஆனா வீட்டுக்குக் காலு கெடையாது, அவனுக்கு இருக்கு" என்றார். நான் முறைத்தேன். அவர் நிறுத்தவில்லை. "முப்பத்திமூணு வருஷமா மகனைக் குடுக்கத் தயாரா இருக்க. எதிர்த் தீவுக்கு வாரம் ஒருவாட்டி போயிட்டு வாங்கன்னு போதகர் ஒன்பது வருஷமாக் கெஞ்சுறாரு, அரை மணி நேரம் படகுல ஏற மாட்டேங்குற." சட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உண்மைதான். எதிர்த் தீவில் நம் சபைப் பெண்கள் ஐந்து பேர் இருந்தார்கள், எல்லாரும் தூரம் நடக்க முடியாத வயது, அவர்களுக்கு யாராவது போய் வேதம் வாசிக்க வேண்டும். உன் மாமா ரொசெந்தோவைக் கொண்டுபோன கடல் அது, எனக்கு அதில் கால் வைக்கவே பயம். அதை நேராகச் சொல்லவும் வெட்கம். போதகர் கேட்கும்போதெல்லாம், என் பங்குக்குத்தான் மகனையே கொடுத்திருக்கிறேனே என்பேன். அவரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். பலி கொடுப்பதைவிடச் சொன்னதைக் கேட்பது மேல் என்று சவுல் ராஜாவிடம் சொன்னது யார்? அதே சாமுவேல்தான், வளர்ந்த பிறகு. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையை ஆட்டி ஆட்டி அதைப் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். என்னிடம் கேட்டது ஒன்று, நான் கொடுக்க நினைத்தது வேறொன்று, அதுவும் என்னுடையது இல்லை.

அடுத்த ஞாயிறு, சபையார் சாட்சி சொல்லும் நேரத்தில் நானும் எழுந்து, முப்பத்துமூன்று வருஷத்துக்கு முன் நின்ற அதே இடத்தில் போய் நின்றேன். பொருத்தனை பண்ணினது நான், லிசாண்ட்ரோ இல்லை, அதை நானே செலுத்துகிறேன், அவனுக்கு யாரும் கடிதம் போட வேண்டாம், எதிர்த் தீவுக்கு இந்த வியாழக்கிழமையிலிருந்து நான் போகிறேன் என்று சொன்னேன். போதகர் நாற்காலியில் இருந்தபடியே, "அது சரி, அப்ப என் முழங்காலுக்கு யாரு பொறுப்பு?" என்றார். சபை முழுக்கச் சிரித்துவிட்டது. எடெல்மிரா, எல்லாரும் சேர்ந்து சொல்லும் நேரம் வருமுன்பே, கர்த்தருக்கு மகிமை என்று மூன்று தடவை கத்தினாள். மூப்பர்களில் இரண்டு பேர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசுவார்கள். காஸ்த்ரோ நகரத்திலிருந்து ஒரு போதகர் ஞாயிறு விட்டு ஞாயிறு வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார், ஆறு வாரமாகச் சபை நன்றாகவே நடக்கிறது. நீ இல்லாவிட்டால் கர்த்தருடைய வேலை நின்றுவிடும் என்று நினைத்திருந்தேனே, அவருக்கு என்னைவிட ஆள் பழக்கம் அதிகம்.

படகில் போனேன். முதல் நாள் போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. "மீனுக்கு நல்ல சாப்பாடு" என்று உன் அப்பா சுக்கானைப் பிடித்துக்கொண்டே சிரித்தார், ஆனால் ஒரு கையால் என் கோட்டைப் பிடித்தபடியேதான் வந்தார். கரையில் நான்கு பேர் நாற்காலி போட்டுக் குடைக்குக் கீழே காத்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் போன வருஷம் போய்விட்டாள், நான் வருவேனா என்று கடைசிவரை கேட்டாளாம். அது என்னோடு இருக்கும். ஆனாலும் ஆறு வியாழன் போய்வந்துவிட்டேன் மகனே, இப்போது வாந்தி ஒரு பக்கம்தான். இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று இறங்கின மாதிரி தூங்குகிறேன்.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. உனக்குச் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, நியேவெசுக்குச் சால்வை, சால்வைக்கு அளவு தேவையில்லை பார். உன் சட்டையை எதிர்வீட்டுக்காரர் மேல் வைத்துப் பார்த்துப் பின்னினேன், உன் அப்பா அவனுக்குக் கை நீளம் என்றார், அதனால் கையை நான்கு விரல் கூட்டியிருக்கிறேன். சுடுதண்ணீரில் துவைக்காதே, சுருங்கிவிட்டால் பொம்மைக்குத்தான் போடலாம். தொளதொளவென்று இருந்தால் வெட்கப்படாமல் எழுது. அடுத்த வருஷச் சட்டையை நானே கொண்டுவருகிறேன், பஸ்ஸில் மூன்று நாள் ஆகுமாம், கடலில் போய்வந்தவளுக்கு அது என்ன. நியேவெசிடம் நான் வருவதை முன்கூட்டியே சொல்லி வை, திடீரென்று மாமியார் வந்து நின்றால் எந்தப் பெண்ணும் சட்டியைக் கீழே போட்டுவிடுவாள்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஏழு வயதில் ஒருநாள் நீ என்னிடம் வந்து, "கர்த்தர் என்னைக் கூப்பிட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றாய். கூப்பிட்டார், நீதான் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொன்னேன். உன் முகம் சின்னதாகப் போனது இப்போதும் தெரிகிறது. சாமுவேல் ராத்திரியில் கர்த்தர் கூப்பிட்ட சத்தத்தை ஏலியின் குரல் என்று நினைத்து மூன்று தடவை அவரிடம் ஓடினான், நான் கூப்பிடவில்லை மகனே, போய்ப் படுத்துக்கொள் என்றுதான் அவர் முதலில் திருப்பி அனுப்பினார். ஏலி சொந்தப் பிள்ளைகளை வளர்க்கத் தெரியாதவர், ஆனாலும் அந்தச் சின்னப் பையனிடம் மூன்று தடவையும் பொய் சொல்லவில்லை. நான் சொன்னேன். உன்னைக் கூப்பிட்டது அவர் இல்லை மகனே, நான்தான். என்னை மன்னித்துவிடு. அவர் என்றைக்காவது கூப்பிட்டால் அது உன் காதில்தான் விழும், என் வாய் வழியாக வராது. கூப்பிடாவிட்டாலும் உன் கைவேலையையும் உன் வீட்டையும் அவர் ஆசீர்வதிப்பார், நீயும் நியேவெசும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். இப்போது நான் கூப்பிடவில்லை மகனே. போய்ப் படுத்துத் தூங்கு.

உன் அம்மா,
லுதோவினா பார்ரியா