வடக்குப் பக்கத்துப் புகை

ஊரிலிருந்து
10.7.2025, வியாழன் இரவு

அன்புள்ள காளிக்கு,

யுவராணி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

மில் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் மட்டும் வார்டன் போனில் பேச விடுகிறார்களாம், பக்கத்தில் ஆள் நின்றுகொண்டே இருக்குமாம். உன் அம்மா சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் நான் தனியாகப் பேச வழியில்லை. அம்மாவின் பட்டன் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் சத்தமே கேட்கும். அதனால் கணக்கு நோட்டில் நடுத்தாளைக் கிழித்து எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டது. அப்பா கரிமூட்டத்துக்குக் காவல் போயிருக்கிறார். கிரைண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். கதவு காற்றில் ஆடினாலும் தாளைப் பாவாடைக்கு அடியில் ஒளித்துக்கொள்கிறேன்.

முதலில் பள்ளிக்கூட விஷயம். பதினொன்றாம் வகுப்பில் நம் ஊரிலிருந்து நானும் கார்த்தீஸ்வரனும் மட்டும்தான். கோகிலாம்பாள் டீச்சர் உன் பெயரை அட்டெண்டன்ஸில் இன்னும் அடிக்கவில்லை. தினமும் கூப்பிடுகிறார்கள், யாரும் பதில் சொல்வதில்லை, பேனாவை வைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறார்கள். இந்த மாதம் முடியும்வரை வைத்திருப்பேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்று என்னிடம் சொன்னார்கள். நீ நானூற்றி முப்பத்தெட்டு வாங்கிவிட்டு மில்லுக்குப் போனதை அவர்களால் நம்ப முடியவில்லை. ஏன் போனாள் என்று கேட்டார்கள். தெரியாது டீச்சர் என்றேன்.

எனக்குத் தெரியும், காளி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்பா போனில் சீட்டு விளையாடுவார் என்பது உனக்குத் தெரியும். நீதான் ஒருநாள், "மாமா யாரு கூடடி மூஞ்சிய இப்புடி வச்சுக்கிட்டுச் சண்ட போடுறாரு?" என்று கேட்டுச் சிரித்தாய். அது ரம்மி இல்லை, போக்கர். கோவாவில் ஹோட்டல் வேலை பார்த்த காலத்தில் பழகியது. கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. எதிராளியிடம் என்ன இருக்கும் என்று ஊகித்துப் பணம் வைக்க வேண்டும். தோதுப்படாவிட்டால் போட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம். அப்பா உட்காருவது ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் மேசையில்தான். வாரத்துக்கு இருநூறு ரூபாய், அது போனால் அடுத்த திங்கட்கிழமை வரை போனைத் தொடமாட்டார். விறகு வெட்டும் நாளில் விளையாடமாட்டார், லோடு ஏற்றும் நாளில் விளையாடமாட்டார். விறகை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே மண் அப்பி மூட்டம் போட்டுத் தீ வைத்துவிட்டால் எட்டு நாள் சும்மா உட்கார்ந்து புகையைப் பார்க்க வேண்டுமே, அப்போதுதான். "பத்துக் கைக்கு எட்டுக் கைய வேணாம்னு போடுறவன்தான்த்தா வெளையாடுறவன். இது பொறும" என்பார். அம்மா விடாது. "மூட்டம் பெரிய வீடு, நான் நடு வீடு, இந்தப் போனு ஒங்கப்பனுக்குச் சின்ன வீடு" என்று சொல்லிக்கொண்டேதான் சோற்றுத் தூக்கை நீட்டும். அப்பாவும் சிரிப்பார். வீட்டில் இதனால் பெரிய சண்டை வந்ததில்லை.

மே மாதம் கடைசி ஞாயிறு, கண்மாய்க்கரை மூட்டம் வாய் திறந்தது அல்லவா. அன்று அப்பா விளையாடிக்கொண்டிருந்தார். போட்டி ஆட்டம். ஐம்பது ரூபாய் கட்டி அறுநூறு பேர் உட்கார்ந்ததில் ஒன்பது பேர் மிச்சம் இருந்தார்கள், அதில் அப்பாவும் ஒருவர். நடுவில் எழுந்தால் போச்சு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். மூட்டத்தை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. பார்க்கும்போது வடக்குப் பக்கம் ஒரு முழத்துக்குப் பிளந்து உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. மண்ணை அள்ளி அள்ளிப் போட்டோம். காற்று ஏறிவிட்டது. கரி முழுக்கச் சாம்பல்.

அந்த மூட்டத்துக்கு உன் அம்மா அப்பின மண்ணில் குறையே இல்லை. அப்பா தன் விளையாட்டை மறைக்கத்தான், மறுநாள் வந்த வியாபாரி செல்வக்குமார் அண்ணாச்சியிடம் மண் சரியில்லை என்று சொல்லிவிட்டார். நான் பயத்தில் தலையாட்டிவிட்டேன். இதுதான் நடந்தது. அப்பாவை மன்னித்துவிடு.

தூக்கம் வருகிறது. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.


11.7.2025, வெள்ளி இரவு

காளி,

நேற்று எழுதியதில் பொய் இருக்கிறது. அந்தத் தாளைக் கிழிக்கப் போனேன். பிறகு அது அப்படியே இருக்கட்டும், நான் எப்படிப்பட்டவள் என்று நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

இன்று சாயங்காலம் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் உன் அம்மாவைப் பார்த்தேன். அருப்புக்கோட்டையில் ஏதோ பஞ்சுக் குடோனில் கூட்டுகிற வேலைக்குப் போய்விட்டு வந்து இறங்கினார்கள். முடியெல்லாம் பஞ்சு. நான் ஒரு கடைக்குள் நுழைந்து ஒளியப் பார்த்தேன். "ஏ தாயி யுவராணி" என்று அவர்களே கூப்பிட்டுவிட்டார்கள். நம் ஊர் பஸ் வர அரைமணி நேரம் ஆனது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மில்லுக்குப் போன பிறகு நீ ஒல்லியாகிவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார்கள். சாப்பிட முடியவில்லை, கையிலேயே வைத்திருந்தேன்.

அப்புறம் ரொம்ப மெதுவாக ஒன்று கேட்டார்கள். "அன்னைக்கு வடக்குப் பக்கம் நான் வைக்கோலக் கொறச்சலாப் போட்டுட்டேனா தாயி? நீ பாத்தியா? எனக்கு ஞாபகமே வர மாட்டேங்குது. கண்ண மூடுனா கையி அந்த எடத்தத்தான் தடவுது. இருவது வருசமா ஏங்கை மண்ணு வாய் தொறந்ததில்ல. இப்ப நெனச்சா, ஏங்கைதான் தப்புப் பண்ணிருச்சோன்னு தோணுது."

காளி, அவர்கள் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போதும் மடியில் கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

நான் பார்த்தேன். அதுதான் உண்மை. மூட்டத்தைக் கவனிக்கவில்லை என்று நேற்று எழுதியது பொய்.

அன்று காலையில் வடக்குப் பக்கத்துக்கு ஈரமண் பூசிவிட்டு வீட்டுக்குப் போகும்போது உன் அம்மா என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். "இந்தப் பக்கம் இன்னுங் காயல. வெயிலுக்கு மயிர் மாதிரி ஒரு வெடிப்பு விட்டாக்கூட ஒங்கப்பன எழுப்பு. ஒரு கை மண்ணு போதும், அடங்கிரும்." சரி அத்தை என்றேன். அம்மா பாலவனத்தத்துக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தது. அப்பா வேலமரத்து நிழலில் போனோடு உட்கார்ந்தார். "ஆத்தா, நீ பொகையப் பாரு, நான் இதப் பாக்குறேன். என்னமும் தெரிஞ்சா ஒரு சத்தம் குடு" என்றார். அவர் என்னை நம்பித்தான் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெள்ளைப் புகை மூட்டம் முழுக்கச் சமமாக வந்துகொண்டிருந்தது. அப்புறம் அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு கையைக் காட்டினார். எதிராளி நிறையப் பணத்தை முன்னால் தள்ளியிருந்தான். நான் விளையாட்டாக, "பொய் சொல்றான்ப்பா" என்றேன். அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு பணத்தை வைத்தார். அவன் கையில் ஒன்றுமே இல்லை. "ஏ ஆத்தா! ஒனக்கு வருதே!" என்று என் தலையைப் பிடித்து ஆட்டினார். அப்பா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை, காளி. பரீட்சை மார்க்கைக் காட்டும்போதுகூட, ம் என்பதோடு சரி.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். வடக்குப் பக்கம் ஒரு இடத்திலிருந்து மட்டும் புகை நூல்போல, நீலமாக வந்தது. நீலப்புகை ஒரே இடத்தில் வந்தால் உள்ளே காற்று போகிறது என்று நமக்கு ஆறு வயதிலிருந்தே தெரியும். ஐந்து பேர்தான் மிச்சம் இருந்தார்கள். இந்த ஒரு கை முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. மறுபடி பார்த்தேன், நூல் கயிறாகியிருந்தது. இன்னும் ஒரு கை என்று நினைத்தேன். அப்பா என்னிடம், "இவன் என்ன வச்சிருப்பான், சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன்.

புகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா போனை எறிந்துவிட்டு ஓடியிருப்பார். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

மூன்றாம் இடத்தில் வந்தார். துண்டை உதறிக்கொண்டு சிரித்தபடி எழுந்தவர் மூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றார். எப்பத்தா இப்படி ஆச்சு என்று கேட்டார். இப்பத்தான்ப்பா என்றேன்.

மறுநாள் அப்பா பொய் சொல்லவில்லை. நேற்று அவர்மேல் அப்படி எழுதியதுதான் நான் செய்ததிலேயே கேவலம். பிள்ளை புகையைப் பார்த்துக்கொண்டே இருந்தது, திடீரென்று பிளந்துவிட்டது என்றால், மண் தாங்கவில்லை என்றுதானே எவரும் நினைப்பார்கள். நம்பித்தான் சொன்னார். விளையாடியதை மட்டும் மறைத்தார். உன் அம்மா மண்கூடையோடு நின்றார்கள். "அண்ணே, காலையில நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான தாயி இருந்த, சொல்லு" என்றார்கள். செல்வக்குமார் அண்ணாச்சியும் என்னைப் பார்த்தார். நான் வெறுமனே தலையாட்டவில்லை, காளி. "அத்தை போகும்போதே வெடிப்பு இருந்துச்சு" என்று வாயைத் திறந்து சொன்னேன்.

உன் அம்மா மண்கூடையைக் கீழே வைத்தார்கள். தொட்டித் தண்ணீரில் முழங்கைவரை கழுவிக்கொண்டு போய்விட்டார்கள்.

நம் பக்கத்தில் ஒரு மூட்டம் வாய் திறந்தால், அதற்கு மண் அப்பின கையை அந்த வருஷம் வேறு எந்த மூட்டத்திலும் வைக்க விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? இவர்களை மூட்டத்துக்குக் கூப்பிடாதே என்று அண்ணாச்சி சுற்றுவட்டாரம் முழுக்கச் சொல்லிவிட்டார். சரியாகப் பதினேழாம் நாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு மில் வேனில் ஏறினாய். நான் வந்து கையாட்டினேன். நீ அழாமல், "நல்லாப் படிடி, எனக்கும் சேத்து" என்றாய். அன்றிலிருந்து என்னால் ஒரு பக்கம்கூட ஒழுங்காகப் படிக்க முடியவில்லை.

அப்பா ஒரு மாதம் போனைத் தொடவில்லை. இப்போது மறுபடி இரண்டு ரூபாய் மேசை, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம், காவலுக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிடுகிறார். "வா ஆத்தா, இந்தக் கையச் சொல்லு" என்று கூப்பிடுகிறார். வீட்டுப்பாடம் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அவர் முகம் சுருங்குகிறது. நடந்தது தெரிந்தால் என்னை அடிக்கமாட்டார். ஆனால் இனிமேல் எதற்கும் கூப்பிடமாட்டார். பெண் பிள்ளையைக் காவல் வைத்துவிட்டுச் சீட்டாடினவன் என்று ஊர் அவரைப் பேசும். அம்மா என்ன செய்யும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இதையெல்லாம் நினைத்துத்தான் ஒன்றரை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நாளை சனிக்கிழமை. காலையில் முதலில் இதைத் தபால் பெட்டியில் போடுவேன். பெட்டிக்குள் விழுந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, அதனால்தான் முதலில் இது. அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போய், உங்கள் கையில் தப்பில்லை அத்தை என்று உன் அம்மாவிடம் சொல்வேன். பிறகு அப்பாவிடம். செல்வக்குமார் அண்ணாச்சியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் நீ இந்தத் தாள்களைக் கொண்டுவந்து அவர் முன்னால் போடு. அதற்காகத்தான் கீழே முழுப்பெயரும் எழுதியிருக்கிறேன்.

வார்டன் இதைப் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை. படிக்கட்டும்.

இன்னும் இருபது நாள் இருக்கிறது, காளி. டீச்சர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். வந்து என்னோடு பேச வேண்டாம். வேறு பெஞ்சில் உட்கார்ந்துகொள். நடுரோட்டில் நிறுத்தித் திட்டு, நான் நின்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கும்போது மூக்குக்குத் துணி கட்டிக்கொள், இருமல் வந்தால் மறைக்காதே, ராத்திரி ஷிப்ட் முடிந்து பட்டினியாகப் படுக்காதே. நீ எப்படிப் போனாயோ அப்படியே முழுசாகத் திரும்பி வா.

இப்படிக்கு,
கண்மாய்க்கரை மூட்டத்துக்கு அன்று காவல் இருந்த
சோலைச்சாமி மகள் சோ. யுவராணி