கதவு முட்டுக்குக் கம்பளிச் சட்டை

ஜூலை 9, புதன்

விடிந்ததிலிருந்து மேற்கேயிருந்து கச்சான் காற்று. தெரு மண் முழுக்க வீட்டுக்குள். இரண்டு தடவை பெருக்கியாயிற்று, வீண்.

என் வீட்டுக்காரி பிலோமிக்கு இந்த மாதம் இரவு டூட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து காலையில் வந்து படுத்தால் மதியம் வரை தூக்கம். எனக்கோ வாசல் கதவு திறந்திருக்க வேண்டும். கப்பலில் காலம் கழித்தவனுக்கு மூடிய வீட்டில் மூச்சு முட்டும். முட்டுக் கொடுக்காமல் திறந்தால் காற்று கதவை அறைகிறது. அறைந்தால் அவள் எழுந்து வருகிறாள். எங்கள் வீட்டுச் சண்டை இது ஒன்றுதான்.

கதவுக்கு முட்டுக் கொடுப்பது பழைய நங்கூரச் சங்கிலியின் ஒற்றை வளையம். வேலையை விட்டு வரும்போது கொண்டுவந்த ஒரே ஞாபகப் பொருள். இன்று அதில் பிலோமி கால்விரலை இடித்துக்கொண்டாள். மொசைக் தரையில் துருக்கறை வேறு. தூக்கிப் போடச் சொன்னாள். முடியாது என்றேன்.

"அப்பம் அதுக்கு ஒரு சட்டையாவது போட்டு விடுங்க. இனி ஒரு தடவ கால்ல இடிச்சாலோ கதவு அடிச்சாலோ நாசரேத்துல அக்கா வீட்டுக்குப் போயிருவேன். அங்கேருந்து டூட்டிக்கு வாரேன்."

சொன்னால் செய்வாள்.

ஜூலை 10, வியாழன்

வாங்க: உப்புத்தாள் (துரு தேய்க்க), சீலா மீன், பல்பு, உல்லன் நூல், பின்னல் ஊசி.

நூல் கடைக்காரம்மா: "பேரப்பிள்ளைக்கா அண்ணாச்சி?"

விளக்கம் சொல்ல வெட்கம். ஆமாம் என்றுவிட்டேன்.

"தல எம்புட்டு இருக்கும்?"

வளையத்தின் அளவைக் கையால் காட்டினேன்.

"மாதாவே! டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

பாவம், நூலில் விலை குறைத்துக் கொடுத்தார். பல்பு வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

போன் வீடியோவில் ஒரு அம்மா பின்னல் சொல்லிக் கொடுக்கிறார். கேபிள் பின்னலாம். பார்த்தால் அசல் வடம்! மூன்று கண்ணியைச் சின்ன ஊசியில் எடுத்துத் தொங்கவிட்டு, அடுத்த மூன்றை முதலில் பின்னி, பிறகு தொங்குகிறதைப் பின்ன வேண்டும். தானாக முறுக்கிக்கொள்கிறது. எவனோ கப்பல்காரன்தான் கண்டுபிடித்திருப்பான்.

சட்டை தயாராகும் வரை வளையம் கொல்லைப்புறத்தில். அதனால் இப்போது முட்டு நான்தான். கதவோடு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பின்னுகிறேன். தெருவே பார்க்கிறது. கேஸ் சிலிண்டர் போடுகிறவன் என்னைப் பார்த்து "வீட்ல யாரும் இல்லையாம்மா?" என்றான். என்னைத்தான்.

ஜூலை 15, செவ்வாய்

காற்று இன்னும் அடங்கவில்லை. முக்கால் பங்கு முடிந்தது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வடம். பெருமையாக இருந்தது.

அந்தோணி வந்தான். ஒரே கப்பலில் ஒன்றாக வடம் இழுத்தவன். அவசரமாகப் பின்னலை மெத்தைக்கு அடியில் திணித்தேன். அவன் சரியாக அதன் மேலேயே உட்கார்ந்தான். ஊசி குத்தியது.

"ஏலே, என்னத்தல ஒளிச்சு வச்சிருக்க?"

எடுத்து விரித்துப் பார்த்தான். சிரித்துத் தொலைப்பான் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடி போட்டுப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

"ஒண்ணு வலமுறுக்கு, ஒண்ணு இடமுறுக்குல்லா கெடக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கப்பல் வடம் வலமுறுக்கு. இது எனக்குத் தெரியாதா? போன் அம்மாவிடம் ஓடினோம். இரண்டும் எதிரெதிராக இருந்தால்தான் அழகாம்.

"அழகுக்கு வடம் திரிச்சா கப்பல் நிக்குமால?" என்றான்.

நிற்காது. இரண்டு பேருமாக உட்கார்ந்து முழுவதையும் பிரித்தோம். அவன் நூல் சுற்றினான்.

பிலோமி எழுந்து வந்து பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஜூலை 19, சனி

முடிந்தது! இரண்டும் வலமுறுக்கு. பிலோமி: "ரெண்டு சடையும் ஒரே பக்கமா கோணிக்கிட்டு நிக்கி." சடையாம்.

வளையத்துக்குப் போட்டேன். பொருந்தியது. கதவோரம் வைத்தேன். அவள் படுத்தாள்.

காற்று வந்தது. கம்பளிச் சட்டை மொசைக்கில் வழுக்கிக்கொண்டே போயிற்று, கதவு பின்னாலேயே தள்ளிக்கொண்டு வந்து டமார். அப்பன் காலத்துக் கதவு, பாதித் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

பிலோமி சண்டை போடவில்லை. பரண் மேலிருந்து பையை இறக்கினாள். "செவ்வாக்கெழம போறேன்."

கப்பலில் எப்போதும் பக்கத்தில் ஆள் உண்டு. தனியாக இருந்து எனக்குப் பழக்கமே இல்லை. பயமாக இருக்கிறது. இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்ல.

ஜூலை 20, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ரப்பர் செருப்பின் அடியை அறுத்து வளையச் சட்டைக்குக் கீழே தைத்தேன். கோணி ஊசி, மீன் வலை நூல். தைத்த பிறகுதான் பார்த்தேன், அறுத்தது பிலோமியின் செருப்பு. மற்றொன்றை ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

பேய்க்காற்று. முட்டு அசையவில்லை. கதவு அசையவில்லை. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

பதினொரு மணி போல பிலோமி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னளா, கதவு அடிக்கலையே?"

"அதான் எந்திச்சு வந்தேன். நீங்க கப்பலுக்குப் போன காலத்துல இந்த வீடு இப்பிடித்தான் கெடக்கும். ஒரு சத்தம் இருக்காது. முழிச்சதும் ஒரு நிமிசம் நீங்க இல்லைன்னே நெனச்சிட்டேன்."

குனிந்து வளையத்தைத் தூக்கினாள். வடத்தைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்று டி.வி. பக்கத்தில், மாதா சுரூபத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். அடியில் இருந்த செருப்பைக் கவனிக்கவில்லை.

காற்று வந்தது. டமார்.

போய்ப் படுத்துக்கொண்டாள். குறட்டை இங்கே வரை கேட்கிறது.