ஆடுகள் தின்ற இலைகள்

மாணவியர் விடுதி, இஃபே
மார்ச், 1988

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் மொரெனிகே முழந்தாளிட்டு வணங்கி எழுதுவது. இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப்போகிறேன். எனக்கு வருத்தமான இடத்தையும், நான் வாய் திறக்காமல் நின்ற இடத்தையும் விடமாட்டேன். டயர் வாங்க எல்லை தாண்டி கொட்டோனு வரும் லசிசி அண்ணன் இதை உங்களிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள் என்பது அவருக்கும் அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

அம்மா நலம். இக்கிரே பேருந்து நிறுத்தத்தில் பழையபடி வாழைப்பழம் பொரித்து விற்கிறார். ஆனால் ஓட்டுநர்கள் யாரும் அம்மாவிடம் வாங்காமல் இருந்தார்கள். நின்றிருந்த உங்கள் மர லாரியில் ரஃபியுவின் அப்பா, நம் பாபா ரஃபியு, பேருந்தைக் கொண்டுவந்து மோதி இறந்த நாளிலிருந்து அப்படித்தான். லாரி பழுதாகி நின்றதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை. "அலானி பின்னால வர்ற வண்டிக்குத் தெரியுற மாதிரி ரோட்டுல இலை வைக்கல. அதான் கூடப் பொறந்தவன் மாதிரி இருந்த ரஃபியுவோட அப்பன் கனியுவே போய் மோதிட்டான்" என்றுதான் உங்களைச் சொன்னார்கள். இலை வைக்காத ஓட்டுநரைப் பற்றி நம் ஊரில் எப்படிப் பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் ஓடிப்போனதும் அந்தப் பேச்சு உறுதியாகிவிட்டது. அடிக்க வந்த கூட்டத்துக்குப் பயந்துதான் ஓடினீர்கள் என்று அம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோது ஊருக்குப் புதிதாகச் சிலர் வந்தார்கள். சிவப்புத் தொப்பி, இடுப்பில் துப்பாக்கி இல்லை. நாடு முழுவதற்கும் சாலைப் பாதுகாப்புக்கென்று அரசாங்கம் இப்போதுதான் தொடங்கிய படையாம். இதுவரை சாலையில் யாராவது செத்தால் நமக்குக் கேட்க இரண்டே இடம்தான் இருந்தது, போலீசும் ஓகூனும். போலீசுக்குப் பணம், இரும்புக் கடவுளான ஓகூனுக்கு நாய்ப் பலி. ஏன் செத்தார்கள் என்று இரண்டு இடத்திலும் கேட்டதில்லை. இவர்கள் அதைத்தான் கேட்டார்கள். ஓட்டுநர் சுபேருவுக்கு ஒரே சிரிப்பு. "போலீஸ்காரன் கைய நீட்டுவான். இவங்க கேள்விய நீட்டுறாங்க. எது மலிவுன்னு பாக்கணும்" என்றார்.

அதிகாரியின் பெயர் எட்டிம். தெற்கே கலபார்க்காரர், நம் மொழியில் காலை வணக்கம் மட்டும் தெரியும், அதையும் மாலையில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஊரைக் கூட்டினார்கள், எனக்கு ஆங்கிலம் வரும் என்பதால் தலைமையாசிரியர் என்னை மொழிபெயர்க்க நிறுத்தினார். எனக்குப் பெருமையாக இருந்தது அப்பா. கொஞ்ச நேரம்தான்.

எட்டிம் ஐயா சிவப்பு முக்கோணம் ஒன்றைக் காட்டினார். விளக்கு வெளிச்சம் பட்டால் மின்னும். வண்டி பழுதானால் இலைக்குப் பதிலாக இதைத்தான் பின்னால் வைக்க வேண்டுமாம். சுபேரு விடவில்லை. "இலை மரத்துல காய்க்குது சார். இது எந்த மரத்துல காய்க்கும்?" எல்லோரும் சிரித்தார்கள். எட்டிம் ஐயாவும் சிரித்துவிட்டு, "அந்த மர லாரிக்குப் பின்னால் இலை இருந்ததா?" என்று கேட்டார். நான் அதை நம் மொழியில் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"இல்ல. ஒரு இலைகூட இல்ல" என்றார் சுபேரு.

நான் மொழிபெயர்ப்பவள், சொந்தமாகப் பேசக்கூடாது. ஆனாலும் பேசினேன். விபத்து நடந்த காலையில் அம்மாவுடன் நானும் அங்கே ஓடினேன். பனிமூட்டத்தில் எதுவும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் வளைவுக்கு முன்னால் வெட்டிய கிளைகள் கிடந்தன. இலைகள் இல்லை, வெறும் குச்சிகள். பட்டைகூடக் கடிபட்டிருந்தது. சுற்றிலும் ஆட்டுப் புழுக்கை. அப்பா முந்தின மாலை இலை வைத்துவிட்டுத்தான் பழுது பார்ப்பவரைத் தேடிப் போனார், விடியும்போது ஆடுகள் தின்றுவிட்டன என்று இரண்டு மொழியிலும் சொன்னேன்.

எட்டிம் ஐயா எழுதிக்கொண்டே, "யாருடைய ஆடுகள்?" என்று கேட்டார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஒரு குச்சியில் சிவப்புத் துணியின் கிழிசல் மாட்டியிருந்ததை அன்றே பார்த்திருந்தேன். நம் தெருவில் ஆட்டுக் கழுத்தில் சிவப்புத் துணி கட்டுகிறவர் ஒருவர்தான். பாபா ரஃபியுவின் மனைவி, இயா ரஃபியு. அவர் துக்கத்துக்கான கறுப்பு உடையில் கூட்டத்தின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எட்டிம் ஐயா மறுபடியும் கேட்டார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இயா ரஃபியு எழுந்தார். "என்ன கேட்டாரு, மொரெனிகே?"

அவர் என் முன்னால் வந்து நின்றார்.

"என் ஆட்டத்தானே கேட்டாரு?" என்றார். பிறகு, என்னிடம் இல்லை, எட்டிம் ஐயாவிடமே, அவருக்குப் புரியாது என்று தெரிந்தும் பேசினார். "அன்னைக்குக் காலைல கெழங்குத் தோலை அள்ளிப் போட்டேன். ஆடுங்க மோந்துகூடப் பாக்கல. வயிறு நெறஞ்சிருந்துச்சு. எங்க மேஞ்சுதுங்கன்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல என் புருஷன் சேதி வந்துச்சு. அப்பவே எனக்குத் தெரியும். அலானி இலை வெச்சாரு. எழுதிக்கச் சொல்லு, பொண்ணே."

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எந்தத் தேர்விலும் இவ்வளவு கடினமான பகுதி வந்ததில்லை. எட்டிம் ஐயா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார், அதற்குப் பிறகுதான் எழுதினார். சுபேரு எழுந்து போய் வெளியே நின்றுகொண்டார்.

மறுவாரம் இயா ரஃபியு ஆடுகள் எல்லாவற்றையும் இபாதான் வியாபாரியிடம் விற்றுவிட்டார். தெருவில் யாரும் ஏனென்று கேட்கவில்லை. இப்போது மாலையில் வந்து அம்மாவின் வாணலிக்குப் பக்கத்தில் உட்காருகிறார். சுபேரு ஒருநாள் வாழைப்பழம் வாங்கினார். நெடுநேரம் கையில் வைத்திருந்தார், தின்னவில்லை.

உங்களுக்கு இயா ரஃபியு சொல்லி அனுப்பியதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்: "ரஃபியு வண்டி ஓட்டுவேன்னு அடம் பிடிக்கிறான். நான் வேணாம்னாலும் கேக்க மாட்டான். அவங்கப்பாவ விட்டா அவனுக்குச் சொல்லிக்குடுக்க அலானிதான் இருக்காரு. வரச் சொல்லு."

உங்களை யாரும் தொடமாட்டார்கள் அப்பா. நடந்தது என்ன என்பது இப்போது எழுத்தில் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஓடியது அடிக்குப் பயந்து மட்டுமில்லை என்று அம்மா சொல்கிறார். நீங்களும் பாபா ரஃபியுவும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவர் வீட்டு வாசலைக் கடந்துதான் நம் வீட்டுக்கு வர வேண்டும். அந்த வாசலில் இப்போது ஆடுகள் இல்லை. அவர் மனைவி இருக்கிறார், உங்களுக்காகத்தான் காத்திருக்கிறார்.

கடவுள் உங்களுக்கு முன்னும் பின்னும் வரட்டும். வருவதென்றால் இருட்டில் ஒளிந்து வராதீர்கள். லசிசி அண்ணனை மெதுவாக ஓட்டச் சொல்லிப் பகலில் வாருங்கள், எல்லோரும் பார்க்கும்படி.

உங்கள் அன்பு மகள்,
மொரெனிகே

இந்தக் கடைசி வரி கோணலாக இருந்தால் மன்னியுங்கள். விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.