நவம்பர் கவரில் உன் பெயர்

இயேசு மரி சூசை துணை

விருத்தாசலம்,
நவம்பர் 12

அன்புள்ள வளனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் கைகால் முழுசாய் சுகமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்பா பீங்கான் பொம்மைக் கம்பெனிக்குச் சூளை அடுக்கப் போகிறார், முட்டி வலியும் கூடவே போய் வருகிறது. உன் தங்கை ஜெனிபர் இந்தக் காகிதத்தைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். பத்திரிகைக்குப் படம் எடுக்க நீ போயிருக்கும் ஊரில் சண்டை நின்றுவிட்டது, இனிமேல்தான் எனக்கு வேலை என்று நீ சொன்னாய், சண்டை முடிந்த ஊரில் படம் எடுக்க என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன்.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாதே. பத்தொன்பது நாள் உன்னிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. நவம்பர் மாதம் செத்தவர்கள் பெயரை எழுதிக் கொடுக்கக் கோவிலில் கவர் தருவார்கள் அல்லவா, அதில் தாத்தா பெயரும் சித்தப்பா பெயரும் எழுதிவிட்டு, இன்னொரு கவர் கேட்பானேன் என்று அடியில் உன் பெயரையும் எழுதி, நல்லபடி இருக்க என்று பொடியாகப் போட்டேன். உபதேசியார் மூன்றையும் ஒரே மூச்சில், இறந்த இவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று பூசையில் வாசித்துவிட்டார். நானே எழுதிக் கொடுத்தது சுத்தமாக மறந்துபோயிற்று. பங்குச் சாமியாருக்குத்தான் முதலில் சேதி வந்திருக்கிறது, என்னிடம் சொல்ல முடியாமல் பூசையில் வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். எல்லாரும் எழுந்து நின்றார்கள், நான் உட்கார்ந்தே இருந்தேன். அழுகை வரவில்லை. பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டுத் தனக்கோடி வந்து, எப்பக்கா ஆச்சு, ஒரு வார்த்த சொல்லலியேன்னு கையைப் பிடித்தாள். அப்பாதான், அவன் இருக்கான், இவ எழுதுன லட்சணந்தான் இதுன்னு அதட்டி என்னை வீட்டுக்கு அழைத்து வந்தார். மத்தியானம் உன் மெசேஜ் வந்தது, டவர் இல்லை என்று. உனக்கு ஆயுசு கெட்டி என்று தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டு, போன மாதம் நீ அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தேன். சுவரில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருக்க, மகனைத் தேடி வந்த ஓர் அம்மாள் நிற்கிறாளே, அது. இந்தம்மா ஏன் எங்கேயும் பார்க்காமல் நிற்கிறாள், கேமராவைப் பார்க்கச் சொல்லக்கூடாதா என்று உன்னிடம் கேட்டிருந்தேன். கேட்டது தப்பு. கோவிலில் அன்றைக்கு என் எதிரே ஒருவன் கேமராவோடு நின்றிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

எப்போது வருகிறாய் என்று கேட்க மாட்டேன், கேட்டு நீ வந்ததில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. கேமராவை அறையில் வைத்துவிட்டு அந்த அம்மாளைப் போய்ப் பார். மகன் வந்துவிட்டான் என்றால் உடனே எழுது. வரவில்லை என்றால், எங்கம்மா கேட்கச் சொன்னாள் என்று சொல்லி, அவளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வா.

உன் அம்மா,
ஆன் மேரி