முருகேசன் பெயர் தெரியவில்லை

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று எம்.ரெட்டியபட்டி அக்கா கடைக்கு வந்தார். இறந்துபோன மகன் முருகேசன் நினைவாக எங்கள் கம்ப்யூட்டர் கடையில் ஒரு வெப்சைட் போட்டிருக்கிறார். அதை டைப் அடித்தது நான்தான். போனை என்னிடம் நீட்டினார். மகன் படம் இருந்தது. கீழே தமிழே இல்லை. இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமாகக் கிடந்தது.

“இதுல எம்மகன் பேரு எங்க தாயி இருக்கு?”

கடைக்கார அண்ணாச்சி தலை நிமிராமலே சொன்னார். “நம்ம கம்ப்யூட்டர்ல நல்லாத் தெரியுதேக்கா. ஒங்க போனுதான் சரியில்ல.”

நோட்டீஸ் அடிக்கிற பழைய எழுத்தில்தான் அண்ணாச்சி என்னை அடிக்கச் சொன்னார். அந்த எழுத்து ஏற்றியிருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும்தான் அது தமிழாகத் தெரியும். வெப்சைட்டுக்கு யூனிகோடு என்று பொதுவான முறை இருக்கிறது. அதில் அடித்தால் எல்லாப் போனிலும் தெரியும். மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

“போர்டுல வெப் எக்ஸ்பர்ட்டுன்னு எம்பேரு இருக்கா, ஒம்பேரு இருக்கா? எட்டாப்புப் படிப்போட நின்னவ சும்மா இரு.”

அக்கா தன் போனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எக்ஸ்பர்ட் என்று தானே எழுதிக்கொண்டால் முறைப்படி செய்ய வேண்டாமா? அண்ணாச்சி பெயர் ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரிகிறது.

நாளை அவர் டீ குடிக்கப் போகும்போது முருகேசன் என்ற அந்த ஒரு பெயரையாவது யூனிகோடில் மாற்றி அடித்துவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும்.